கஜேந்திரன் கீழே இறங்கிய புத்தகம்

இந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு எழுதச் சொன்னவர் இர்பான். அரக்கோணத்துக்காரர், எங்கள் பழைய பிரிவில் இப்போது வயர்மேன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ புத்தகத்தின் அட்டைப் படத்தைப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். கும்பிட்டவர்களில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. "முனி அண்ணா, சாரோட புக்கைப் படிச்ச ஒரே ஆளு நீங்கதான். அதைப் பத்தி எழுதுங்க. அப்படியே உங்க சர்வீசைப் பத்தியும் கொஞ்சம் எழுதிடுங்க" என்றார் இர்பான். இரண்டும் வேறு வேறு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எழுதியவர் தேவராஜுலு சார். இளநிலைப் பொறியாளர். எங்கள் மின்கம்பி கோஷ்டிக்குப் பல வருடம் அவர்தான் தலைவர். எந்த ஆபீஸ், எந்தப் பிரிவு என்றெல்லாம் எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். புத்தகத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. பிடிக்காத புத்தகத்துக்கு நான் எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்?

நான் கம்பத்துக்குக் குழி வெட்டுகிறவனாகச் சேர்ந்தேன். திருத்தணியைச் சுற்றிக் குழி வெட்டியவனுக்குத் தெரியும், மண்ணைவிடப் பாறைதான் அதிகம். பிறகு ஹெல்பர், வயர்மேன், லைன்மேன். அந்த வருடங்களில் தோள் காய்த்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை என்றால் என்ன என்று தெரிந்தது சார் வந்த பிறகுதான்.

அவர் சித்தூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். பெரியவன் சின்னவன் பார்க்காமல் எல்லாரையும் "நைனா" என்பார். ஒருநாளும் கத்தியதில்லை. கத்துகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். மெதுவாகப் பேசுகிறவரிடம்தான் பயம் வரும். வேலை தப்பாக இருந்தால் கம்பத்தடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் போய் "என்ன சார்" என்று கேட்கிறவரைக்கும் பார்ப்பார். கேட்ட பிறகும் சொல்ல மாட்டார். "நீயே பாரு நைனா" என்பார்.

லைனில் கை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை எல்லா இடத்திலும் ஒன்றுதான். துணை மின்நிலையத்தில் கேட்டு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகும் நம்பக் கூடாது. வேலை செய்கிற கம்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்பிகளில் எர்த் ராடு மாட்ட வேண்டும். எவனாவது தவறிப்போய் சுவிட்சைப் போட்டாலும் மின்சாரம் அந்தக் கழி வழியாக மண்ணுக்குப் போய்விடும், ஆள் மேல் பாயாது. இது எல்லாரும் செய்வது.

சார் அதற்கு மேல் ஒன்று செய்வார். ராடு மாட்டியதும் பேனாவையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஏணியில் தானே முதலில் ஏறுவார். கம்பியைப் புறங்கையால் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் ஷாக்கில் விரல் மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும். தொட்டுவிட்டு இறங்கி வந்து, "போங்க" என்பார். பொறியாளர் கம்பத்தில் ஏறுவதை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. பக்கத்துப் பிரிவு ஆட்கள் சிரித்தார்கள். எங்களுக்கு அந்த "போங்க" இல்லாமல் கால் ஏணியில் படியாது.

வேலை முடிந்ததும் தரையில் ஒரு கோணிச் சாக்கு விரிப்பார். எடுத்துப் போன சாமான் எல்லாம் அதில் வந்து உட்கார வேண்டும். ஸ்பேனர், பிளேயர், கயிறு, எல்லாம். ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது. மேலே மறந்து வைத்த ஸ்பேனர் காற்றில் கம்பிகளுக்கு நடுவே விழுந்தால் ஊரே இருண்டுபோகும், கீழே நடக்கிறவன் மண்டை உடையும். அதில் அவர் சொன்னது நியாயம். இன்றைக்கும் நியாயம்தான் என்பேன்.

கஜேந்திரன் எங்கள் கோஷ்டியில் வயர்மேன். கனகம்மாசத்திரம். வாய் ஓயாது. ஏறும்போதும் பேசுவான், இறங்கும்போதும் பேசுவான். அந்த வாய்க்கு மேல் நல்ல வேலைக்காரன்.

அன்று அம்மையார்குப்பத்தில் வேலை. தறிக்காரர்கள் தெரு. கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று வெடித்துவிட்டது, காலையிலிருந்து மின்சாரம் இல்லை. விசைத்தறிக்காரனுக்கு மின்சாரம் இல்லாத நேரம் என்றால் சோறு இல்லாத நேரம். அவர்கள் எங்களைச் சுற்றி நின்றுகொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டபடியே இருந்தார்கள். அதனால் அவசரப்பட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாரிடம் அவசரம் நடக்காது. லைன் கிளியர் வாங்கினோம், ராடு மாட்டினோம், அவர் ஏறித் தொட்டார், பிறகுதான் கஜேந்திரன் ஏறினான். புதுப் பீங்கான் உட்கார்ந்தது. இறங்கினான். சார் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார். அதுவும் அவர் வழக்கம். அவனவன் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். கஜேந்திரனும் சொன்னான். "எறங்கிட்டேன் சார், சோறு எங்க?" என்றான். தறிக்காரர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பக்கத்து ராடைக் கழற்ற நான் போனேன். இந்தப் பக்கத்து ராடை இன்னொருவர் கழற்றினார். இரண்டும் இறங்கியதும் சார், வேலை முடிந்தது, மின்சாரம் விடலாம் என்று துணை மின்நிலையத்துக்குப் போனில் சொல்ல ஒரு தறி முதலாளி வீட்டுக்குள் போனார். அப்போது செல்போன் கிடையாது. அந்தத் தெருவில் போன் இருந்தது அந்த ஒரு வீட்டில்தான். ஏணி கம்பத்தில் சாய்ந்தபடியே நின்றது. ஏணியைக் கடைசியில்தான் வண்டியில் ஏற்றுவோம். எல்லாக் கோஷ்டியும் அப்படித்தான்.

நான் ராடின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தேன். தெருவில் சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்த தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன. உடனே நின்றன. நான் திரும்பவில்லை. திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. கம்பியில் எதுவோ பட்டால்தான் லைன் அப்படி உடனே நிற்கும் என்பது லைன்மேனுக்குத் தெரியும்.

கஜேந்திரன் சாக்கைப் பார்த்திருக்கிறான். ஒரு ஸ்பேனர் இல்லை. சார் வந்து பார்ப்பதற்குள் எடுத்து வைத்துவிடலாம் என்று ஏறியிருக்கிறான். அவனைக் கீழே கொண்டுவந்தபோது அது இடுப்பு வாரில் செருகியிருந்தது.

சார் அந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். தப்பான வேலையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு யாரும் போய் "என்ன சார்" என்று கேட்கவில்லை.

விசாரணை நடந்தது. விசாரணை என்றாலே எனக்குக் கோபம் வரும். செத்தவனின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். செத்தவன்தான் திருப்பிப் பேச மாட்டானே! சார் விடவில்லை. "நான் ஸ்பேனரைக் கேட்பேன் என்ற பயத்தில்தான் ஏறினான், ஏணி நின்றிருந்ததால் ஏறினான், இதை எழுதுங்கள்" என்றார். ஏணியைப் பற்றி விதியில் இல்லை என்று சொல்லி அவர்கள் அதை எழுதவில்லை.

அந்த நாட்களில் எங்களை அடிக்கடி கூப்பிட்டு ஆபீஸ் வராந்தாவில் உட்கார வைப்பார்கள். சாரும் சாட்சியான நானும் ஒரே பெஞ்சு. போகிறவர்கள் வருகிறவர்கள் அவரைப் பார்க்காத மாதிரி போவார்கள். எனக்கு அவரிடம் என்ன பேசுவதென்று தெரியாது. ஒருநாள் அவர் பையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துப் படித்தார். அட்டையில் ராக்கெட். என்ன சார் என்று கேட்டேன்.

"வானத்துல போய்க்கினு இருக்காங்க நைனா. கப்பல்ல எங்கியோ ஓட்டை. காத்து கொறஞ்சிக்கினே வருது. தேடிக்கினு இருக்காங்க."

"கண்டுபுடிச்சிடுவாங்களா சார்?"

"புடிச்சே ஆவணும். இந்த மாதிரி கதைல காரணம் இல்லாம எதுவும் ஒடையாது."

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது புத்தகத்தை என் கையில் கொடுத்தார். எட்டாவது படித்தவன் நான். பாடப் புத்தகத்தைத் தவிர எந்தப் புத்தகத்தையும் முழுசாகப் படித்ததில்லை. அதைப் படித்தேன். ஓட்டை ஒரு ரப்பர் வளையத்தில் இருந்தது. வளையம் குளிரில் விறைத்திருந்தது. ஏன் விறைத்தது என்பதும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

அதிலிருந்து ஆரம்பித்தது. விசாரணை முடிந்து, அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சில வருடம் கழித்து எங்களிடமே திரும்பி வந்தார். வந்ததும் புது வழக்கம் ஒன்று கொண்டுவந்தார். வேலை முடிந்தால் முதலில் ஏணியைத் தரையில் படுக்க வைக்க வேண்டும். கோஷ்டி முழுக்க அதன் மேல் வரிசையாக உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் பெயர் கூப்பிடுவார். கடைசியில் தன் பெயரைத் தானே கூப்பிட்டு, தானே பதில் சொல்லி, அவரும் உட்காருவார். பிறகுதான் ராடு கழற்ற ஆள் எழுந்திருக்கலாம். தேவராஜுலு பள்ளிக்கூடம் என்று மற்றப் பிரிவுக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். "இன்னாபா, இன்னிக்கு இன்னா பாடம்?" என்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் கோஷ்டியில் யாரும் சாகவில்லை. பாடம் அதுதான்.

ஏணியில் அவருக்குப் பக்கத்து இடம் என்னுடையது. ராடு கழற்றப் போனவர்கள் திரும்பும் வரை புத்தகம் பேசுவோம். மொழிபெயர்ப்பில் கிடைத்ததையெல்லாம் படித்தோம். அவர் ஆங்கிலத்தில் படித்ததை எனக்குக் கதையாகச் சொல்வார். அறிவியல் கதைகளில் எங்களுக்கு ஒரு வகைதான். கப்பல், இயந்திரம், வெளியே காற்றில்லாத இடம், ஏதோ ஒன்று கெட்டுப்போகிறது, ஆட்கள் காரணத்தைத் தேடுகிறார்கள். மற்றதைத் தொட மாட்டோம். நேற்றைக்குத் திரும்பிப் போகிற கதை, பூமிக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பூமி இருக்கிற கதை, இதெல்லாம் எங்களுக்கு ஆகாது. யாரோ ஒருவர் அவருக்கு அப்படி ஒரு புத்தகம் கொடுத்தபோது பாதியில் மூடிவிட்டுச் சொன்னார்: "செத்தவன எழுப்பறதுக்கு விஞ்ஞானம் எதுக்கு நைனா? கோயிலே போதும்."

இதைச் சொன்ன மனுஷன்தான் இப்போது அப்படி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

அவர் ஓய்வுபெற்று, மகள் வீட்டோடு பெங்களூரு போனார். பிறகு நானும் ஓய்வுபெற்றேன். என் மனைவி இறந்துவிட்டாள். மகன் ஓமானில். திருத்தணியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக் கூட்டத்தில் தெருவைக் கடக்க முடியாது. ஆனால் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச ஊரில் ஒருவரும் இல்லை. டீக்கடையில் என்னைக் கண்டால், "முனி, உன் ராக்கெட்டு இன்னும் எறங்கலியா?" என்பார்கள். அவ்வளவுதான் இலக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாருக்குப் போன் செய்வேன். அந்த வாரம் படித்ததைப் பேசுவோம். மற்ற நாட்களில் என் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிடும்.

போன வருடத்திலிருந்து அவர் பேச்சு குறைந்தது. எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பார். என்ன என்று சொல்ல மாட்டார். பிறகு தபாலில் புத்தகம் வந்தது. சந்தோஷப்பட்டேன். ஒரே மூச்சில் படித்தேன். வந்தது கோபம்.

கதை இதுதான். ஒரு விஞ்ஞானி ஒரு கண்ணாடி செய்கிறார். அதில் பக்கத்து உலகம் தெரியும். ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் போய்ப் பார்க்கிறார். அங்கே அம்மையார்குப்பம் மாதிரி ஒரு தறிக்காரத் தெரு. கம்பத்து மேலிருந்து ஒரு ஸ்பேனர் கை நழுவிக் கீழே விழுகிறது. வேலை முடிந்து இறங்குகிறவன் அதைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறான். சாமான் சரியாக இருக்கிறது. அவன் மறுபடி ஏறவில்லை. சாப்பிடப் போகிறான். அவனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார், ஆனால் வாய் ஓயாமல் பேசுகிறான். வீட்டுக்குப் போகிறான், கிழவனாகிறான், சாலையோரம் இட்லிக் கடை வைத்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வம்பளக்கிறான்.

இதில் அறிவியல் எங்கே இருக்கிறது? அந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி இல்லை. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எர்த் உண்டா? ஒரு பியூஸாவது உண்டா? பீங்கான் மாற்றுவதை மட்டும் அணு அணுவாக எழுதியிருக்கிறார். அது பிரமாதம், படிக்கும்போது என் உள்ளங்கை வியர்த்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியை இப்படி எழுதலாமா? இட்லிக் கடை எதற்கு? நான் கப்பலுக்குக் காத்திருந்தவன். எனக்கு இட்லி கொடுத்தார்.

ஆனால் கோபம் அதனால் மட்டும் இல்லை. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் பொறியாளர் கண்ணாடியில் அந்த உலகத்துத் தன்னையே பார்க்கிறார். கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். வெயில். எதிரே ஒரு கம்பத்தில் யாரோ ஒரு லைன்மேன் வேலை செய்துகொண்டிருக்கிறான். வேறு பிரிவு. அவர் அவனைப் பார்க்காமல் நடந்து போகிறார். அவ்வளவுதான். அந்த லைன்மேன் திரும்ப வரவே இல்லை.

இடது கையால் வேலை செய்கிறான் என்று எழுதியிருக்கிறார். எங்கள் கோஷ்டியில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னால் இத்தனை வருடப் பேச்சும் பொய்யாகிவிடும். உண்மையைச் சொன்னால் அவர் மனம் விட்டுப்போகும், இந்த ஒரு குரலும் இல்லாமல் போகும். பிறகு கோபம்தான் எண்ணை அழுத்தியது.

"படிச்சியா நைனா?" என்றார். குரல் மெலிந்திருந்தது.

"படிச்சேன் சார்."

"எப்படிக் கீது?"

"நல்லா இல்ல சார்."

"எந்த எடம்?" என்றார்.

கண்ணாடிக்கு எர்த் இல்லை என்றேன். பியூஸ் இல்லை என்றேன். இட்லிக் கடையைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ஆங்" என்று கேட்டுக்கொண்டார். கண்ணாடி விஷயத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். அவர் சிரித்ததும் எனக்கு இன்னும் ஏறியது.

"அதெல்லாம் போவட்டும் சார். என்ன எதுக்கு யாரோ ஒருத்தனாக்கினீங்க?"



"உன்ன அங்க கொண்டாந்து உக்கார வைக்கத்தான் மொதல்ல எழுதினேன் நைனா" என்றார். "அவனும் எறங்கிட்டான், நீயும் நானும் ஏணி மேல உக்காந்துகினு ராக்கெட்டு பேசறோம். அப்படித்தான் எழுதினேன். படிச்சிப் பாத்தா பொய்யாக் கீது. அவன் எறங்கிட்டா ஏணிய எதுக்குப் படுக்க வைக்கிறேன்? வராந்தாவுல நமக்கு இன்னா வேலை? நீ எங்கிட்ட எதுக்கு வந்து பேசறே? காரணமே இல்ல. ஒம்பது தபா மாத்தி எழுதினேன். அவன் எறங்கறது, நாம பேசறது, ரெண்டுல ஒண்ணுதான் நிக்கிது."

காரணம் இல்லாமல் எதுவும் இருக்கக் கூடாது என்று நான் எந்த விதியை வைத்து அந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதே விதியை வைத்துத்தான் அவர் என்னை அடித்திருக்கிறார்.

"நீயா இருந்தா எத வெப்பே?" என்று கேட்டார்.

ஒரு மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? கஜேந்திரனுக்குப் பெண்டாட்டி இருந்தாள், கைக்குழந்தை இருந்தது. இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? இரண்டு கிழவர்கள், ராக்கெட் கதை, வாரத்துக்கு ஒரு போன். எடை போட வேண்டிய விஷயமே இல்லை. இருந்தாலும் பதில் சொல்ல எனக்கு நேரமாயிற்று. அந்த நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அவன் எறங்கட்டும் சார்" என்றேன்.

"ஆங்" என்றார். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அப்போ புக்கு சரிதானே?"

"சரியா இருக்கலாம் சார். நல்லா இல்ல."

இருவரும் போனை வைக்கவில்லை. அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் மகள் சமையல்கட்டிலிருந்து யார் போனில் என்று தெலுங்கில் கேட்டாள். எங்கள் ஊர்க்காரனுக்குத் தெலுங்கு பேச வராவிட்டாலும் காதில் விழுந்தால் புரியும்.

"மனவாடே" என்றார் சார்.

நம்ம ஆள்தான் என்று அர்த்தம்.